ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும்

என் மகனின் தொடை எலும்பு முதல் தடவை உடைந்தபோது நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவருக்குக் கிணத்துக்கடவில் தென்னை நார் மில் இருக்கிறது. வாரம் பூராவும் அங்கே நார்த் தூசியில் கிடப்பவர், ஞாயிறன்று பையனைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பையனுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை.

கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு கணுக்கால்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, அடியில் நாப்கினைத் தள்ளியிருக்கிறார். எல்லா வீட்டிலும் எல்லாரும் செய்வதுதான். நானும் தினமும் அப்படித்தான் செய்தேன். அலறல் கேட்டு ஓடிப் போனபோது அவர் இரண்டு கைகளையும் உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டு நின்றார், அவற்றில் ஏதோ ஒட்டியிருப்பதைப் போல.

“நான் ஒண்ணும் பண்ணல அம்மணி,” என்றார். “காலத் தூக்குனேன், அவ்வளவுதான்.”

பையனின் இடது தொடை நடுவில் மடங்கியிருந்தது. அங்கே மடங்குவதற்கு ஒன்றும் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொன்ன முதல் வார்த்தை இது:

“பாத்துத் தூக்கக் கூடாதுங்களா?”

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். ஆறடிக்கு மேலே உயரம், நார்ப் பேல் கட்டுகளை இடுப்பில் முட்டுக்கொடுத்து லாரியில் ஏற்றும் ஆள். நடக்கத் தெரியாத குழந்தைக்குத் தொடை எலும்பு எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டார். அவர் சொன்னார். டாக்டர் திரும்பவும் கேட்டார். அவர் திரும்பவும் அதையேதான் சொன்னார். பிறகு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு நர்ஸ் என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

“ஊட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா மேடம்? எதா இருந்தாலும் சொல்லுங்க. உங்களக் காட்டிக் குடுக்க மாட்டோம்.”

“இல்லீங்க,” என்றேன்.

ஆனால் உடனே சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு சிறு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் அவர் கைகளை நினைத்துப் பார்த்தேன். உள்ளங்கை காய்த்துப் போன, விரல் தடித்த கைகள். காலையில் அவருக்கும் ஒரு டிரைவருக்கும் போனில் நடந்த சத்தத்தையும் நினைத்தேன். திரை முழுதாக மூடவில்லை. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையனுக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர் பையனைத் தொடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார், பொம்மையை ஆட்டுவார், மில்லில் நடந்ததை எல்லாம் அவனிடம் சொல்வார். தூக்க வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிடுவார். நான் கல்லூரியிலிருந்து வரும்வரை என் மாமியாரைக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை வேலை பேச்சில்லாமல் என் கைக்கு வந்தது.

அத்தை வாராவாரம் ஆட்டுக்கால் சூப் வைத்தார். எலும்பு சீக்கிரம் கூடுமாம். நெடுநேரம் கொதித்து, ஆறினால் கெட்டியாகி, குடித்தால் உதடு ஒட்டும் சூப். அந்த ஒட்டுதல் கொலாஜன் என்கிற புரதம் வெந்து பிரிந்ததால் வருவது என்று எனக்குத் தெரியும். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் உயிர்வேதியியல் நடத்துகிறேன். புரதங்களின் அமைப்புதான் என் பாடம். பையனுக்கு ஸ்பூனில் அந்தச் சூப்பை ஊட்டிக்கொண்டே, வயிற்றுக்குள் போனால் இது துண்டு துண்டாகிவிடும், அப்படியே எலும்பில் போய் உட்காராது என்று மனதுக்குள் திருத்திக்கொள்வேன். அந்த அளவுக்குத்தான் என் படிப்பு அந்த நாட்களில் வீட்டுக்குள் வந்தது.

அவன் மாவுக்கட்டில் கிடந்த அதே வாரங்களில் வகுப்பில் கொலாஜன் பாடம் வந்தது. எனக்குப் பிடித்த பாடம். மாணவர்களுக்கும் எளிதாகப் பிடிபடும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிமணியாகக் கோத்த சங்கிலி. கோத்ததோடு வேலை முடிந்துவிடாது. சங்கிலி தன்னைத்தானே மடித்துக்கொள்ள வேண்டும், சுருட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அதற்கு உருவமும் வேலையும் வரும். அந்த உருவத்தைப் பிடித்து வைத்திருப்பவை பிணைப்புகள். சில பிணைப்புகள் வலுவானவை. பெரும்பாலானவை ரொம்பச் சன்னமானவை, ஒன்றைத் தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் அவை உடம்பைத் தாங்குகின்றன.

கொலாஜனில் மூன்று சங்கிலிகள் கயிறு போல ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். முறுக்கின் நடுவில் இடமே இருக்காது. அதனால் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்கிற அமினோ அமிலமாகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறியது அதுதான். அது உள்ளே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு பக்கத்துச் சங்கிலியை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். இப்படியே ஆயிரம் மணி நீளத்துக்கு. அந்த வரிசையில் ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டால் கயிறு அந்த இடத்தில் பிதுங்கும், முறுக்கு தடைபடும். அந்தச் சங்கிலியோடு சேர்ந்து முறுக்கிக்கொண்ட குறையில்லாத சங்கிலிகளும் வீணாகும்.

“இதனால வர்ற நோய்ல எலும்பு லேசுல ஒடையும்,” என்று சொல்லிவிட்டு, திரையில் ஒரு படத்தைப் போட்டேன். யாரோ ஒருவரின் கண்கள். “கண்ணோட வெள்ளை நீலமாத் தெரியுது பாருங்க. அந்த வெள்ளைப் படலமும் கொலாஜன்தான். அது மெலிசாகும்போது அடியில இருக்கற நிறம் தெரியும்.”

முதல் பெஞ்சிலிருந்த ஒரு பெண் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மேடம், உங்க கண்ணும் லேசா அப்படித்தானுங்க இருக்குது.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “எனக்கு எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது,” என்றேன். என் கண்ணின் வெள்ளை கொஞ்சம் நீலமாக இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டுப் பெண்கள் அதைத்தான் மெச்சினார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்கு மணிக்கட்டு உடைந்திருக்கிறது, பிறகு கணுக்கால், பிறகு மறுபடியும் மணிக்கட்டு. ஓரிடத்தில் நிற்க மாட்டாள், அதுதான் என்று வீட்டில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டில் மாவுக்கட்டுப் போட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கண்களோடு நின்று அந்தப் பாடத்தை நடத்தி முடித்தேன். மணி அடித்ததும் வருகைப் பதிவு எடுத்தேன்.

கட்டைப் பிரித்த பிறகு பையன் நன்றாக இருந்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினான். ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, வியர்த்திருந்த அவன் பனியனைக் கழற்றினேன். கை உள்ளே மாட்டிக்கொண்டது. அவன் இழுத்தான், நானும் இழுத்தேன். என் விரல்களுக்குள்ளேயே அது தெரிந்தது. சத்தம் என்று பெரிதாக இல்லை. பென்சில் முனை ஒடிவது போல.

இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி. எப்படி ஆச்சு என்று கேட்டார்கள், சட்டை கழற்றும்போது என்றேன், எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். என்னை யாரும் தனியாகக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய், உங்கள் மனைவி எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. காலேஜில் வேலை பார்க்கிற அம்மா, கண் கலங்க நிற்கிறாள், போதும். எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, இனி உடைத்தவர் அவர் ஒருவர்தான் என்று இல்லை என்று நினைத்தேன். அதே மூச்சில், என்னை யாரும் கேட்கவில்லை என்றும் நினைத்தேன்.

மறுநாள் குழந்தைகளுக்கான எலும்பு டாக்டர் வந்தார். நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு. பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பையனின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தவர் என் கண்களைப் பார்த்தார்.

“அம்மா, நீங்க இப்படி ஜன்னல் பக்கம் வாங்க.”

போனேன்.

“உங்களுக்கு எப்பவாச்சும் எலும்பு ஒடஞ்சிருக்குதுங்களா?”

நான் வாயைத் திறந்தேன். மணிக்கட்டு, கணுக்கால், மணிக்கட்டு என்று சொல்லும்போதே எனக்கு எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தின் கீழே இருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது.

“நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டார்.

“டீச்சிங்குங்க.”

“என்ன சப்ஜெக்ட்?”

சொன்னேன். அவர் ஒரு நொடி பேனாவை மூடித் திறந்தார். நல்ல மனிதர். அதற்கு மேல் கேட்கவில்லை. ரத்தம் கொடுங்கள், பரிசோதனைக்கு அனுப்பலாம், முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார். என் கணவர் அன்று மில்லில் கரண்ட் கோளாறு என்று போயிருந்தார். சாயங்காலம் வந்து கேட்டபோது, “ஏதோ டெஸ்ட்டுங்க, ரிப்போர்ட் வரட்டும், பாக்கலாம்,” என்றேன்.

ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தேன். கொலாஜன் சங்கிலியின் இன்ன இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும், செரின் என்கிற வேறொரு மணி இருக்கிறது. பையனுக்கு அப்படி. எனக்கும் அப்படி. கிளைசினுக்கும் செரினுக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. கிளைசினில் ஒரு ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் செரினில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், அவற்றோடு சில ஹைட்ரஜன். போர்டில் வரைந்தால் இரண்டு கோடு. அதே இரண்டு கோடு என்னிடம் மூன்று எலும்போடு விட்டுவிட்டது. அவனிடம் அப்படி விடவில்லை. ஏன் ஒரே மாற்றம் ஒருவரிடம் லேசாகவும் இன்னொருவரிடம் கடுமையாகவும் வருகிறது என்பதற்கு யாரிடமும் முழுப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்தது, நான் ஓடியாடிப் படித்து, கல்யாணம் பண்ணி, பிரசவமும் ஆகி வந்த உடம்பிலிருந்து அதை எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதுதான். அத்தையின் சூப்பில் கிளைசின் நிறைய உண்டு. இவனுக்குக் கிளைசின் பஞ்சம் இல்லை. அதை அந்த இடத்தில் வை என்று சொல்லும் மரபணு எழுத்துத்தான் தப்பு. அந்த எழுத்து என்னுடையது.

அன்று வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

என்ன காரணம் என்று இப்போது பலவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அவர் வீட்டு ஆட்கள் என்ன பேசுவார்கள் என்ற பயம் இருந்தது. பெண் வீட்டிலிருந்து வந்த நோவு என்ற பேச்சு எங்கள் பக்கம் கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாகப் போகும். இன்னொரு பிள்ளை பற்றிய கேள்வி உடனே வரும். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று நான்தான் விளக்க வேண்டும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடந்தது. அதுவரை பையன் விஷயத்தில் பழி அவர் மேல் இருந்தது. நான் வைத்த பழி. அதை அங்கிருந்து எடுத்தால் என் மேல்தான் வைக்க வேண்டும். எடுக்காமல் இருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு நாள் பையன், ஒரு கை கழுத்தில் மாட்டிய துணியில் தொங்க, தரையில் உட்கார்ந்தவாறே நகர்ந்து அவர் காலடிக்குப் போனான். இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினான். தூக்கு என்று அர்த்தம். அவர் குனிந்து அவன் தலையைத் தொடப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

“அம்மணி, பையன் கூப்புடறான் பாரு,” என்றார்.

அவன் கூப்பிட்டது என்னை அல்ல. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போய்த் தூக்கினேன். போனில் அந்த ரிப்போர்ட் இருந்தது.

கடைசியில் சொல்ல வைத்தது என் நல்ல புத்தி அல்ல. ஒரு காலையில் எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பையனை ஒரு தடவை மில்லுக்குக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும், பெரிய லாரியைப் பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று அவர் சொன்னார். அத்தை அவர் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“இப்பத்திக்கு வேண்டாஞ் சாமி. உன்ற கைக்கு ராசி பத்தல. கொஞ்சம் பெரியவனாகட்டும்.”

திட்டவில்லை, குத்தவில்லை. மகன் மேல் பிரியமாகச் சொன்னதுதான். அவர் “சரிம்மா” என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்க்க முடியவில்லை.

“அவரு கையில ஒண்ணும் இல்லீங்கத்தை,” என்றேன். “எங்கிட்ட இருந்து வந்தது. டெஸ்ட்டுல வந்திருக்குது. எலும்புக்குள்ள ஒரு புரதம் இருக்குதுங்க, அது எனக்கும் சரியில்ல, அவனுக்கும் சரியில்ல. யாரு தூக்கியிருந்தாலும் ஒடஞ்சிருக்கும்.”

பையன் ஸ்பூனால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அப்ப அன்னைக்கு நான் ஒடிக்கலைங்கறயா?”

“இல்லீங்க. நீங்க ஒடிக்கல.”

“ரிப்போர்ட் எப்ப வந்துச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. “கொஞ்ச நாள் ஆச்சுங்க,” என்றேன். அவர் இலேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார், மில்லில் யாராவது கணக்குச் சொல்லும்போது ஆட்டுவது போல. கை கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தை என் பக்கம் வந்து உட்கார்ந்தார். நான் எதிர்பார்த்த பேச்சு இப்போது வரும் என்று இருந்தேன். “பெத்தவ வேணும்னேவா குடுப்பா?” என்றார். “சாப்புடு கண்ணு. காலேஜுக்கு நேரமாச்சு.” அவர் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று மாலையே அவர் வந்து பையனை வாரி எடுத்துக்கொண்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. யார் தூக்கினாலும் உடையும் என்பது அவர் பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் எங்கள் இரண்டு பேருக்கும் பையனைக் கையாளச் சொல்லிக்கொடுத்தார். கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. இரண்டு கைகளையும் அகல விரித்து, ஒன்று இடுப்புக்குக் கீழே, ஒன்று முதுகுக்கும் கழுத்துக்கும் கீழே. இழுப்பே இருக்கக் கூடாது, தாங்குவதுதான். அவர் வீட்டில் தலையணையை வைத்துப் பழகினார். ஒரு பெரிய ஆள் கட்டிலருகே முழங்காலிட்டுத் தலையணையை எடுத்து எடுத்து வைப்பதைக் கதவருகே நின்று பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே பையனின் அடியில் கைகளை விட்டுத் தூக்கினார். பையன் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். அவர் அசையாமல் நின்றார், பேனாவை அவன் வாயில் வைத்துக் கடிக்கும்வரைக்கும்.

அவர் கோபம் வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு, எதிர்பாராத இடத்தில். பையனுக்கு முதல் தடவை நரம்பில் சொட்டு மருந்து ஏற்றிவிட்டுப் பொள்ளாச்சி ரோட்டில் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். எலும்பு கரைவதைத் தடுக்கிற மருந்து. எலும்பைக் கொஞ்சம் தடிக்க வைக்கும். உள்ளே இருக்கும் கயிற்றை அது தொடாது. இதை நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே இடையில் புகுந்தார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரில அந்த நர்ஸ் கேட்டாங்களே, ஊட்ல பிரச்சினையான்னு.”

“ஆமாங்க.”

“நீ ஏன் உடனே இல்லேன்னு சொல்லல?”

அவருக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை நாளும் அதை வைத்துக்கொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்.

“யோசிச்சுப்போட்டேனுங்க,” என்றேன்.

“ம்,” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “நானும் யோசிச்சேன்,” என்றார். “நெசமாவே நாந்தான் ஏதாச்சும் பண்ணிப்போட்டனோன்னு. நீயே யோசிக்கறன்னா இருக்குமோன்னு தோணுச்சு.”

பின் சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். இளநீர்க் கடை வந்ததும் அவர் வண்டியை நிறுத்தினார். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நான்தான் எடுத்துக்கொண்டே இருக்கிறேன், எனக்குள்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வகுப்பில் அவன் பெஞ்சு சுவரோரம். இடைவேளையில் யாரும் மோதாமல் இருக்க ஒரு ஆயா கூடவே நிற்கிறார். இதற்கிடையில் இன்னும் சில எலும்புகள் உடைந்தன. ஒவ்வொரு தடவையும் எங்கே, எப்படி என்று அவனே டாக்டருக்குத் தெளிவாகச் சொல்கிறான். வாய் ஓயாது. இரண்டாவது பிள்ளை பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவை அவர் தன் முடிவாகவே சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை. வகுப்பில் கொலாஜன் வரும்போது அந்தக் கண் படத்தைக் காட்டுவதை விட்டுவிட்டேன். மற்றபடி பாடம் அதேதான். சன்னமான பிணைப்புகள் என்று சொல்லும்போது மட்டும் சிலசமயம் வாக்கியம் பாதியில் நின்றுபோகும். மாணவர்கள் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

இதில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா கோபி பக்கம் தனியாக இருக்கிறாள். நான் ஒரே பெண். அப்பா இல்லை. பையனுக்கு என்ன என்று போனில் அவளுக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை, காரணம் அவளுக்குக் காது கேட்காது. நாற்பது தாண்டியதிலிருந்தே மந்தம். இப்போது பக்கத்தில் நின்று கத்த வேண்டும். இந்த நோயில் அதுவும் உண்டு. காதுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு எலும்புகளையும் அது விடாது. போன வருடம் வாசல்படியில் லேசாகச் சறுக்கி இடுப்பு உடைந்தது அம்மாவுக்கு. வயதானால் வருவதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் ஒருத்தி சொல்லவில்லை. பரிசோதனை செய்யாமலே எனக்குத் தெரியும், எந்த இடத்தில் எந்த மணி மாறியிருக்கிறது என்று.

பள்ளி விடுமுறையில் மூவரும் அம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் பையனோடு முன் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அம்மா என் கையைப் பிடித்தாள். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அவள் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு உரக்கக் கேட்டாள்.

“ஏங்கண்ணு, பையனுக்கு இது உங்கிட்ட இருந்து வந்துதுன்னு டாக்டர் சொன்னாராமா?”

தலையாட்டினேன்.

“அப்ப உனக்கு? எங்கிட்ட இருந்து வந்துதா?”

அவள் இதை ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருக்கிறாள் என்பது பிடியில் தெரிந்தது. எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அந்த ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் வராத வேகம் இப்போது வந்தது.

“இல்லம்மா,” என்றேன்.

“ஆ?”

“இல்லம்மா. உங்கிட்ட இருந்து வரல. எனக்குப் புதுசா வந்தது.”

“என்ன கண்ணு?”

கத்தினேன். “எனக்குத்தாம்மா புதுசா வந்தது. உனக்கு ஒண்ணுமில்ல.”

முன் அறையில் டிவி சத்தம் குறைந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. கேட்கட்டும் என்று இருந்தேன். அம்மாவின் பிடி தளரும் என்று காத்திருந்தேன். தளரவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னவோ கணக்குப் போட்டாள்.

“அப்ப உன்ன வயித்துல வெச்சிருக்கறப்ப நா ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன்,” என்றாள். “காப்பி. எல்லாரும் வேண்டாம்னாங்க. நாந்தான் ஒரு நாளைக்கு அத்தன தடவ குடிச்சேன்.”

“காப்பியால வராதும்மா.”

“ஆ?”

“காப்பியால வராதும்மா. தானா வர்றது. எழுத்து மாறிப் போறது. யாரும் ஒண்ணும் பண்ணல.”

அவள் என்னை இரக்கமாகப் பார்த்தாள், பெற்ற பெண் தனக்காக எதையோ மறைக்கிறாள் என்று கண்டுகொண்டவளைப் போல. மறைக்கிறேன் என்பது சரிதான், எதை என்பதுதான் தப்பு. பிறகு அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். அவருக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர், பையனுக்கு வெறும் பால். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. நான் என் டம்ளரை அவள் பக்கம் தள்ளினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

பக்கத்து வீட்டு அக்கா அடுத்த வாரம் போன் பண்ணினார். “உங்கம்மா காப்பிய நிறுத்திப்போட்டாங்களே, உங்களுக்குத் தெரியுமுங்களா? இத்தன வருசம் காலையில காப்பி இல்லாம நான் பாத்ததே இல்லீங்க. கேட்டா, போதும்கறாங்க.”

திரும்பவும் ஒரு தடவை போய், அம்மா, நான் சொன்னது பொய், அது உன்னிடமிருந்துதான் வந்தது, காப்பி இல்லை என்று கத்த வேண்டும். சொன்னால் காப்பி குடிப்பாளா, அதற்குப் பதில் வேறு எதை விடுவாள் என்று தெரியவில்லை. போன விடுமுறையிலும் போகவில்லை. பையனுக்குச் சொட்டு மருந்து ஏற்ற நாள் குறித்திருந்தது என்று அவளிடம் சொல்லும்படி அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன்.